கிள்ளான் மண்ணில் கிடந்த முரசு



இந்த மாதம் என் சித்தப்பாவின் கதையோடு ஆரம்பிக்கிறேன். அவர் கோல லங்காட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். 1960-களின் தொடக்கத்தில் கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடும் வேலை நடந்தது. சித்தப்பாவுக்குக் கால்வாய் வெட்டும் வேலை. ஒரு நாள் இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்று எதிலோ பட்டது. கையால் தோண்டி எடுத்தார். முழங்கை நீளத்தில் ஓர் இரும்பு. கத்தியும் இல்லை, கோடாரியும் இல்லை, ஈட்டியும் இல்லை. ஒரு முனையில் பிடி செருகக் குழல் மாதிரி ஒரு துளை. மறுமுனையில் தட்டையான வாய். துரு ஏறி, மண் ஒட்டிக் கிடந்தது.

லயத்துக்குக் கொண்டு வந்தார். "ஏதோ பேய் பிசாசு சாமான், வீட்டுக்குள்ளே வைக்காதீங்க" என்றார் சித்தி. கோழிக் கூண்டுக்குப் பின்னால் சில மாதம் கிடந்தது. பிறகு பழைய இரும்பு வாங்கும் ஆள் சைக்கிளில் வந்தபோது, ஓட்டை வாளியோடு சேர்த்து நிறுத்துப் போட்டுவிட்டார்கள். கிடைத்தது சில காசு.

பல வருஷம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்திருந்த சித்தப்பாவை நான் தேசிய மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. உள்ளே பழங்கால இரும்புக் கருவிகள் இருந்தன. "தம்பி, இந்த மாதிரிதான் ஒண்ணு… நான்தான் தோண்டி எடுத்தேன்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகு, "எந்த இடம்னு இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா அந்த இடத்துல இப்ப பனை நிக்குது" என்றார்.

அவர் எடுத்ததும் பெட்டியில் இருந்ததும் ஒரே வகைதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த மாதிரி இரும்புகள் கிள்ளான் மண்ணில் கிடைத்தது உண்மை. அவை சொல்லும் கதையைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம். மலை உச்சியில் வாழ்ந்தவனும் கடலோரம் வாழ்ந்தவனும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்த கதை அது.

மாவாஸின் எலும்பு

மலாய்க் கிராமத்து மக்கள் இந்த இரும்புகளுக்கு 'துலாங் மாவாஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'மாவாஸின் எலும்பு' என்று பொருள். மாவாஸ் என்பது காட்டில் திரியும் ஒரு பெரிய குரங்கு, அதன் முன்கையில் எலும்புக்குப் பதில் இரும்பு இருக்கும் என்பது பழைய நம்பிக்கை. மண்ணில் கிடைத்த இந்த விசித்திர இரும்புகளைப் பார்த்துத்தான் அந்தக் கதை கட்டப்பட்டிருக்க வேண்டும். கற்காலக் கோடாரிகளையும் அப்படித்தான் 'பத்து லிந்தார்', அதாவது இடிக்கல் என்றார்கள். வானத்திலிருந்து இடியோடு விழுந்த கல்லாம்! மனிதன் செய்தது என்ற நினைப்பே மறந்து போகும் அளவுக்குப் பழைய பொருள்கள் அவை.

ஜப்பான்காரன் காலத்தில், 1944-இல், கிள்ளானில் புக்கிட் கூடா என்ற இடத்தில் ஒரு வெண்கல முரசு வெளிப்பட்டது. அதோடு தொடர்புடையதாக இந்த இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அதற்கும் முன்பே கிள்ளானில் ஒரு பெரிய வெண்கல மணி கிடைத்திருந்தது. நம் கோயில் மணி போல வட்டமாக இல்லாமல், இரு பக்கமும் சற்றுத் தட்டையாக, உடம்பெல்லாம் சுருள் சுருளாக வேலைப்பாடு செய்த மணி. இதே ஜாதி மணி கம்போடியாவில் பட்டம்பாங் பகுதியில் கிடைத்திருக்கிறது. ஜொகூரில் மூவார் பக்கம் கம்போங் பெஞ்சுவிலும் கிடைத்திருக்கிறது. கிள்ளான் மணி இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வயது ஏறக்குறைய 2000 வருஷம்.

புக்கிட் கூடா என்றால் ரயில்வே குடும்பங்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போட்ட ரயில் பாதை முதலில் அங்கேதான் வந்து நின்றது. ஆற்றைத் தாண்டிப் பட்டணத்துக்குள் போனது 1890-இல்தான். உள்நாட்டு ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு வரப் போட்ட பாதை அது. அதே இடத்து மண்ணுக்குள், அதே வேலையின் இரண்டாயிரம் வருஷத்துப் பழைய சாட்சி அப்போதே தூங்கிக்கொண்டிருந்தது.

பந்திங் பக்கத்து மேடு

இதைவிடத் தெளிவான சாட்சி 1964-இல் கிடைத்தது. பந்திங் பக்கத்தில், கம்போங் சுங்கை லாங்கில், ஒரு சின்ன மண்மேடு. அதற்குள் இரண்டு வெண்கல முரசுகள். அவை ஒரு மரப்பலகையின்மேல் வைக்கப்பட்டிருந்தன. படகின் பலகையாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. கூடவே கண்ணாடி மணிகளும் பானை ஓடுகளும் இருந்தன. பீக்காக் என்ற ஆய்வாளர் அந்த இடத்தை ஆராய்ந்து எழுதினார். பலகையின் மரத்தைக் கரிமச் சோதனை செய்தபோது, கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலம் என்று தெரிந்தது.

அந்த முரசை வார்த்தது யார்? நம் நாட்டுக்காரர்கள் இல்லை. இந்த வகை முரசுக்கு டோங்சோன் முரசு என்று பெயர். டோங்சோன் என்பது வட வியட்நாமில் தான் ஹோவா மாநிலத்தில் உள்ள ஒரு கிராமம். அங்கே 1924-இல் இந்த வகைப் பழம்பொருள்கள் முதலில் தோண்டப்பட்டன. முரசின் மேல்தட்டில் நடுவில் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி வட்ட வட்டமாகப் பறவைகளும் கோலங்களும் இருக்கும். சிலவற்றில் தலையில் இறகு சூடிய மனிதர்கள் படகில் போகும் காட்சி உண்டு. வியட்நாமிலிருந்து இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் உள்ள கெய் தீவுகள் வரை இவை கிடைத்திருக்கின்றன. சும்மா தட்டிப் பார்க்க வாங்கிய சாமான் இல்லை. ஒரு தலைவனுக்குக் கௌரவம் தரும் பொருள். சில இடங்களில் அவனோடு மண்ணுக்குள் போன பொருள்.

சரி, இவ்வளவு விலையுயர்ந்த முரசைக் கப்பலில் ஏற்றி வந்து பந்திங் கடலோரச் சேற்று நிலத்தில் ஒருவனுக்குக் கொடுத்தார்கள் என்றால், அவன் பதிலுக்கு என்ன கொடுத்திருப்பான்? மீனும் நண்டும் கொடுத்திருக்க முடியாது. அவை வியட்நாமிலும் உண்டு. இங்கேதான் மலை வருகிறது.

வெண்கலம் செய்யச் செம்போடு வெள்ளீயம் கலக்க வேண்டும். வெள்ளீயம் எங்கே இருக்கிறது? கோலாலம்பூர் இருக்கும் பள்ளத்தாக்கிலும், தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரம் முழுவதிலும். தங்கம் பகாங் உள்நாட்டில். அகில், குங்கிலியம், பிரம்பு, தேன்மெழுகு எல்லாம் மலைக்காட்டில். கடலோரத் தலைவனிடம் இவற்றில் ஒன்றுகூட விளையாது. மலையிலிருந்து யாரோ இறக்கிக் கொடுத்தால்தான் உண்டு. அதனால்தான் நம் தீபகற்பத்தில் கிடைத்த முரசுகளுக்கும் ஈயம், தங்கம் கிடைக்கும் இடங்களுக்குப் போகும் ஆறுகளுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கடல் பொருள் காட்டுக்குள்ளே

"எல்லாம் ஊகம்தானே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மலைப் பக்கம் போய்ப் பார்ப்போம்.

பகாங் ஆறு தீபகற்பத்திலேயே நீளமான ஆறு. அது தொடங்கும் இடத்தில் வந்து சேரும் கிளை ஆறுகளில் ஒன்று தெம்பெலிங். கடற்கரையிலிருந்து எத்தனையோ நாள் படகு வலித்துப் போக வேண்டிய உள்காடு. அங்கே பத்து பாசிர் காராம் என்ற இடத்தில் 1926-இல் ஒரு டோங்சோன் முரசு கிடைத்தது. கடல் கடந்து வந்த பொருள், கடல் வாசனையே இல்லாத இடத்தில்! லினெஹான் என்ற ஆங்கிலேய அதிகாரி கிள்ளான் பொருள்களையும் தெம்பெலிங் பொருள்களையும் ஒன்றாக வைத்து 1951-இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு இடத்திலும் வெண்கலமும் துலாங் மாவாஸ் இரும்பும் சேர்ந்தே வருவதை அவர் எடுத்துக் காட்டினார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். சிலாங்கூருக்கும் பேராக்குக்கும் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்றை ஒட்டி, மலை அடிவாரத்தில், பெரிய பெரிய கருங்கல் பலகைகளை நிறுத்திப் பெட்டி போலக் கட்டிய பழைய கல்லறைகள் உண்டு. ஐவர் எவன்ஸ் என்ற மியூசிய அதிகாரி 1920-களில் சங்காட் மெந்திரி போன்ற இடங்களில் அவற்றைத் தோண்டி ஆராய்ந்தார். உள்ளே என்ன இருந்தது? அதே வகை இரும்புக் கருவிகள். கூடவே கண்ணாடி மணிகளும், சிவந்த கார்னீலியன் மணிகளும். இந்தச் சிவப்புக் கல்லைத் தமிழில் சூதுபவளம் என்போம்.

சூதுபவளம் என்றதும் நம் காது நிமிர்கிறது. குஜராத் பக்கத்துக் கல்லை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி மணி செய்வது இந்தியாவின் மிகப் பழைய தொழில். கிழக்காசியாவில் கிடைக்கும் பழைய சூதுபவள மணிகளில் சில அங்கிருந்து வந்தவை. சில இந்தியத் தொழில்முறையைக் கற்று இந்தப் பக்கமே செய்தவை என்கிறார்கள். எப்படியிருந்தாலும் அது கடல் வழியாக வந்த செல்வம். அது மலையடிவாரத்துக் கல்லறைக்குள் போயிருக்கிறது என்றால், மலைக்காரன் வெறும் சுமைகூலி இல்லை. தன் சரக்குக்கு விலை பேசி வாங்கியவன்.

அந்த மணிகள் வந்த வழியில் ஒரு நிறுத்தமும் நமக்குத் தெரியும். பேராக் கடலோரத்தில், சதுப்பு மரக்காட்டுக்குள், கோல செலின்சிங் என்ற இடத்தில் மனிதர்கள் சிப்பி மேடுகளின்மேல் வாழ்ந்திருக்கிறார்கள். இங்கேயும் எவன்ஸ் தோண்டினார். 1980-களில் நிக் ஹசான் சுஹைமி குழுவினரும் ஆராய்ந்தனர். அந்தச் சேற்றுக் கிராமத்தில் மணிகள் செய்த தடயங்கள் கிடைத்தன. 'ஸ்ரீ விஷ்ணுவர்மன்' என்று இந்திய எழுத்தில் பொறித்த ஒரு சூதுபவள முத்திரையும் கிடைத்தது. கடல் ஒரு கை, மலை ஒரு கை என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு வாழ்ந்த ஊர் அது.

இந்த உறவு வெண்கலக் காலத்தில்தான் ஆரம்பித்தது என்றும் நினைக்க வேண்டாம். லங்காட் ஆற்றோரம், டெங்கில் பக்கத்தில் ஜெண்டராம் ஹிலிர் என்ற இடத்தில் ஈயச் சுரங்கம் தோண்டியபோது பழைய பானை ஓடுகள் வெளிவந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோங் சாவ் ஹெங் அம்மையார் 1970-களின் கடைசியில் அங்கே ஆய்வு நடத்தினார். மூன்று கால் வைத்த பானைகள்! அடுப்புக்கல் இல்லாமலே நிற்கும். கால்கள் உள்ளே கூடாக இருக்கும். சூளையில் சூடேறிய காற்று வெளியேற அவற்றில் சிறு துளையும் இட்டிருப்பார்கள். வயது ஏறக்குறைய 4000 வருஷம். இதே மூன்றுகால் பானை கெடா கோடியாங் குகையிலும் உண்டு. தாய்லாந்தில் பான் காவ் என்ற உள்நாட்டு ஊரிலும் உண்டு. குகையில் இருந்தவரும் ஆற்றோரம் இருந்தவரும் ஒரே மாதிரி பானையில் சமைத்திருக்கிறார்கள். பானையை மட்டும் காற்று தூக்கிக்கொண்டு வந்திருக்காது. மனிதர்கள் நடந்திருக்கிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தும் இருப்பார்கள்.

பால் வாளியும் பழைய வியாபாரமும்

இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதை, பென்னட் புரோன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977-இல் ஒரு படம் போட்டு விளக்கினார். அந்தப் படத்தைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் காட்டவே தேவையில்லை. கேளுங்கள்.

கித்தா மரத்தில் பால் எப்படி வரும்? ஒவ்வொரு மரத்திலும் ஒரு மங்கு. மங்குகளிலிருந்து வாளி. வாளிகள் காண்டாவில் தொங்கிப் பால் ஸ்டோருக்கு வரும். அங்கே நிறுத்து, கிராணி எழுதி, புகைக்கூடத்தில் தாளாகி, லாரி ஏறிப் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போகும். அதே துறைமுகத்தில் இறங்கிய அரிசியும் உப்பும் துணியும் அதே பாதையில் திரும்பி வந்து தோட்டத்துக் கடையில் நிற்கும். ஆயிரம் மங்குகள், ஒரு துறைமுகம். துறைமுகத்தில் இருப்பவன் விலையைச் சொல்வான்.

ஆறும் அப்படித்தான். மலையில் ஆயிரம் ஓடைகள். அவை கூடும் இடத்தில் ஒரு சின்னச் சந்தை. பெரிய கிளைகள் கூடும் இடத்தில் ஒரு பெரிய சந்தை. கடைசியில் ஆற்றின் வாய். அங்கே இருப்பவன் கப்பல்காரனிடம் பேசுவான். ஆற்று வாயைப் பிடித்தவன் தலைவன். ஆனால் மலைக்காரன் மனம் வைக்காவிட்டால் அவன் களஞ்சியம் காலி. மலைக்காரனுக்கு வேறொரு வழியும் உண்டு: இந்த ஆற்றுத் தலைவன் கெடுபிடி செய்தால், மேட்டைத் தாண்டி அடுத்த ஆற்றில் இறங்கி வேறொருவனிடம் விற்கலாம். நெகிரி செம்பிலானில் ஜெம்போல் பக்கம் 'பெனாரிக்கான்' என்ற பழைய வழி இருந்தது. 'தாரிக்' என்றால் இழுப்பது. மூவார் ஆற்றுக்கும் பகாங் ஆற்றோடு சேரும் செர்த்திங் ஆற்றுக்கும் நடுவில் உள்ள சிறு நிலத்தில் படகைத் தரைமேல் இழுத்துப் போவார்கள். மேற்குக் கடலில் புறப்பட்டவன் கிழக்குக் கடலுக்கே போய்விடலாம்.

கிள்ளான் ஆற்றில் இது நடந்ததற்கு எழுத்துச் சாட்சியும் உண்டு. 1365-இல் ஜாவாவில் எழுதிய 'நாகரகிருத்தாகம' நூலில் மஜாபாஹித் அரசுக்குக் கட்டுப்பட்ட இடங்களின் வரிசையில் கிள்ளான் பெயர் வருகிறது. நம் காலத்துக்குப் பக்கத்தில் வந்தால் 1857. கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேட ஆற்றில் மேலே அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம்வரை படகில் போய், அங்கே இறங்கி அம்பாங்குக்குக் காட்டுவழி நடந்தார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சலில் செத்தவர் போக மிஞ்சியவர் 18 பேர்தான். அவர்கள் படகைவிட்டு இறங்கிய அந்தச் சேற்றுக் கூடல்தான் கோலாலம்பூர். நம் தலைநகரமே, மலைச் சரக்கும் கடல் சரக்கும் மாறிக்கொண்ட ஓர் ஆற்றுச் சந்தையாகப் பிறந்த ஊர்.

நம்மவர் பங்கு

"முரசைக் கொண்டு வந்தது தமிழனா?" என்று கேட்கும் வாசகர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். இல்லை. அவசரப்பட்டு மார்தட்ட வேண்டாம். வியட்நாமியர் வார்த்த முரசு. இந்த மண்ணின் ஆதி மக்கள் இறக்கிய சரக்கு. தெமுவான் மக்கள் இன்றும் சிலாங்கூர் மலையோரம் இருக்கிறார்கள். மாமெரி மக்கள் கேரித் தீவில், கடலோரம் இருக்கிறார்கள். மலையும் கடலும் பேசிக்கொண்ட கதையில் முதல் உரிமை அவர்களைப் போன்றவர்களுக்கு.

ஆனால் நம்மவரும் இந்த வழியில் வந்தார்கள். தென் தாய்லாந்தில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் ஒரு சின்னக் கல் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் கடல் தாண்டி வந்து தொலைத்துவிட்ட தொழில் சாமான்! ஈயம் விளையும் தக்குவா பாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, ஒரு குளத்தை மணிக்கிராமத்து வணிகர்களின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. பொன்னும் ஈயமும் உள்நாட்டிலிருந்து இறங்கிவரும் கரையில்தான் நம் வணிகர்கள் கடை போட்டார்கள்.

தாய்நாட்டிலும் இதே கதைதான். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் பேராசிரியர்கள் சுப்பராயலு, ராஜன் முதலியோர் தோண்டினார்கள். அங்கே பச்சைக்கல் அறுத்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், வடக்கே இருந்து வந்த சூதுபவளம் எல்லாம் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைக்குப் போகும் பாதையில் உள்ள ஊர் அது. உப்பு வண்டி ஓட்டிய உமணர்களைப் பற்றி நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். கடற்கரை உப்பை மலைநாட்டுக்குக் கொண்டுபோய்ப் பண்டமாற்றுச் செய்தவர்கள் அவர்கள்.

மண்வெட்டி பட்டால்

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சாட்சிகளில் பல, சுரங்கத்திலும் வயலிலும் ஆற்றோரத்திலும் வேலையின்போது வெளிவந்தவை. இப்படிப்பட்ட பொருளை முதலில் பார்க்கும் கண், பெரும்பாலும் மண்வெட்டி பிடித்த உழைப்பாளியின் கண்தான். புரபசர் அப்புறம்தான் வருவார்.

ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து பிடுங்கிவிட்டால் பாதிக் கதை போய்விடும். சுங்கை லாங் முரசுக்கு வயது சொன்னது முரசு இல்லை. அடியில் இருந்த மக்கிப்போன பலகை. யாராவது முரசை மட்டும் எடுத்துக்கொண்டு பலகையை விறகென்று வீசியிருந்தால் அந்தக் காலக்கணக்கு நமக்குக் கிடைத்திராது. பொருள் மியூசியத்துக்குப் போன பிறகும் ஆபத்து தீர்வதில்லை. 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வே வளாகத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டு பழைய சிலாங்கூர் மியூசியத்தின்மேல் விழுந்தது. அங்கே அழிந்தவை திரும்பவில்லை. 1963 ஆகஸ்டு 31-இல் திறந்த தேசிய மியூசியம் அதே இடத்தில்தான் நிற்கிறது.

இப்போது தோட்டங்கள் பல போய்விட்டன. டெங்கில், பந்திங், காப்பார் பக்கமெல்லாம் தாமான்களும் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் வந்துவிட்டன. மண்வெட்டி வெட்டிய இடத்தில் இன்று இயந்திரம் ஒரே வாயில் ஒரு லாரி மண்ணை அள்ளுகிறது. அதை ஓட்டுபவர்களில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்:

விசித்திரமான கல், பச்சைக் களிம்பு ஏறிய உலோகம், துளையிட்ட மணி, பழைய பானை ஓடு எது கிடைத்தாலும் சுரண்டாதீர்கள், கழுவாதீர்கள். கிடைத்த இடத்தை அடையாளம் வையுங்கள். கையில்தான் இப்போது எல்லாருக்கும் கைத்தொலைபேசி இருக்கிறதே, அப்படியே ஒரு படம் எடுங்கள். மாவட்ட அலுவலகத்திலோ மியூசியத்திலோ சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அப்படித் தெரிவிப்பது நம் கடமை. மறைத்து விற்பது குற்றம். "நமக்கு ஏன் வம்பு" என்று குப்பையோடு தள்ளிவிடுவது சட்டத்தில் எப்படியோ, பிள்ளைகளுக்குச் செய்யும் நஷ்டம்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தேசிய மியூசியத்துக்கு அழைத்துப் போங்கள். பிரிக்பீல்ட்ஸில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். முதல் கூடத்தில் பழங்காலப் பொருள்களைக் காட்டி, "இது கடலில் வந்தது, அதற்காக மலையிலிருந்து ஈயம் இறங்கியது" என்று சொல்லுங்கள். இந்த நாட்டில் மலையும் கரையும், வந்தவரும் இருந்தவரும், ஒருவரை ஒருவர் நம்பித்தான் ஆதியிலிருந்தே பிழைத்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

என் சித்தப்பா இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது ஒருமுறை, "அந்த இரும்புக்காரன்கிட்டே திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கலாம்பா" என்றார். முப்பது வருஷத்துக்கு முன்னால் விற்ற பொருள். அவர் மறக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். கேட்டு வையுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கால்வாய் என்று எழுதியும் வையுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.